கொலாபாவில் ஓர் இயந்திரம், ஊருக்கெல்லாம் ஒரு வரிசை

குவாண்டம் கணினி சாமானியர் கைக்கு எட்டும் வழி

மும்பையின் தென்கோடியில், கொலாபாவின் நேவி நகரில், கடலோரமாக அமைந்திருக்கிறது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். வெளியே மே மாதப் புழுக்கம் எத்துணைக் கடுமையாக இருந்தாலும், உள்ளே ஓர் ஆய்வகத்தில் நிற்கும் உலோக உருளையின் அடிப்பகுதியில் விண்வெளியைக் காட்டிலும் கடுங்குளிர் நிலவுகிறது. அந்தக் குளிரில்தான் ஒரு சிறிய சில்லு இயங்குகிறது. அது நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட குவாண்டம் செயலி.

2024 ஆகஸ்ட் மாத இறுதியில் அச்செயலியின் முழுச் சோதனை நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கான இளம் விஞ்ஞானிகள் ஆய்வகமும், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனமும் இணைந்து மேற்கொண்ட பணி அது. செயலியில் இருப்பவை 6 கியூபிட்டுகள். அமெரிக்க நிறுவனங்கள் 100 கியூபிட்டுகளைத் தாண்டிவிட்ட காலத்தில் 6 என்பது சிற்றெண்ணே.

ஆயினும் அச்சோதனை நடந்த விதம் கவனத்துக்கு உரியது. கணக்கு ஒன்றை இணையவழி இடைமுகத்தின் மூலம் தொலைவிலிருந்து அனுப்பினார்கள். அது குளிர்ந்த சில்லில் ஓடியது. விடை மீண்டும் அதே இடைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இயந்திரத்தின் அருகில் எவரும் நிற்க வேண்டியதில்லை. அப்படியானால், கொலாபாவில் இருக்கும் இயந்திரத்தைத் தாராவியிலிருந்தோ, மாட்டுங்காவிலிருந்தோ, செம்பூரிலிருந்தோ ஒருவர் பயன்படுத்துவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. எஞ்சியிருப்பது, அந்த வாயில் யாருக்குத் திறந்திருக்கும் என்னும் கேள்வி. அக்கேள்விக்கு மும்பை ஏற்கெனவே ஒருமுறை விடை கண்டிருக்கிறது.

அன்றும் ஒரே இயந்திரம்

இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் பொதுப்பயன் மின்னணுக் கணினிகளில் முதன்மையானது, இதே நிறுவனத்தில் பிறந்த ‘டிஃப்ராக்’. 1950களின் நடுப்பகுதியில் அதன் முன்மாதிரி இயங்கத் தொடங்கியது. முழு இயந்திரம் 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் ஆகியவற்றைக் கொண்டு எழுப்பப்பட்ட அக்கணினியின் நினைவகத்தில் 2,048 சொற்களே அடங்கும். 1962 ஜனவரியில் கொலாபா வளாகம் திறக்கப்பட்டபோது பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார்.

அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி முடித்து, 1954இல் பம்பாய் வந்து சேர்ந்தவர். இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1964இல் அந்நிறுவனத்துக்கு சி.டி.சி. 3600 என்னும் பெருங்கணினி வந்தது. அத்தகைய இயந்திரத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வாங்குவது அன்று நினைத்துப் பார்க்கவும் இயலாத செலவு. ஆகவே அது ஒரு நிறுவனத்தின் உடைமையாக மட்டும் இருந்துவிடாமல், தேசியக் கணிப்பு மையமாக இயங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகத்தாரும் ஆய்வகத்தாரும் தொழில்துறையினரும் தத்தம் கணக்குகளை அதில் ஓட்டினர். அக்காலத்தில் நிரல் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. கட்டை ஒப்படைத்துவிட்டுத் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் பிழை இருந்தாலும் மீண்டும் வரிசையின் இறுதிக்குச் செல்ல வேண்டும்.

அந்த வரிசையில் நின்றவர்களே பின்னர் நம் நாட்டுக் கணினித் துறையின் முதல் தலைமுறை ஆனார்கள். இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் ஒரு சிலர். அதனால் கற்றுத் தேர்ந்தவர்கள் மிகப் பலர். இன்று கியூபிட்டுகளைப் பற்றிப் பேசும்போது அந்த அனுபவம் நினைவில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அருமை?

குவாண்டம் கணினியை வீட்டுக்கு ஒன்றாக வாங்க முடியாது. அதற்கான காரணம் அதன் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது.

நம் கைப்பேசியில் உள்ள பிட் ஒன்று 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஏதேனும் ஒரு நிலையில் இருக்கும். கியூபிட் இவ்விரண்டும் கலந்த நிலையிலும் இருக்கவல்லது. பல கியூபிட்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்துவிட்டால், அவற்றின் நிலையை எழுதிக்காட்டத் தேவைப்படும் எண்களின் தொகை ஒவ்வொரு கியூபிட்டுக்கும் இருமடங்காகிக்கொண்டே போகும். 6 கியூபிட்டுகளுக்கு 64 எண்கள் போதும். அதைக் கைப்பேசியே சமாளித்துவிடும். 30 கியூபிட்டுகள் என்றால் 107 கோடிக்கும் மேற்பட்ட எண்கள். நல்லதொரு மேசைக் கணினி திணறும். 50 கியூபிட்டுகளுக்கு வரும்போது, ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, அதை மேலும் 11ஆல் பெருக்கினாலும் போதாது. உலகின் மிகப் பெரிய கணினிகளின் நினைவகமும் அங்கே தீர்ந்துவிடுகிறது. வட்டிக்கு வட்டி பெருகும் வேகத்தை அறிந்த வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பெருக்கத்தின் தன்மையை விளக்கத் தேவையில்லை.

எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும் இயந்திரம் என்று இதைச் சிலர் வருணிப்பதுண்டு. அது பாதி உண்மையே. இறுதியில் அளந்து பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடை. தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சரியான விடை ஓங்கி எழும்படி கணக்கை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. இவ்வாறு அமைக்கக்கூடிய கணக்குகள் சிலவே. மாதச் சம்பளப் பட்டியலையோ, பயணச்சீட்டு முன்பதிவையோ குவாண்டம் கணினியிடம் ஒப்படைப்பதால் எந்த ஆதாயமும் இல்லை.

கியூபிட்டின் நிலை மிக மென்மையானது. சிறிதளவு வெப்பமும் சிறு அதிர்வும் அதைக் குலைத்துவிடும். கொலாபாவில் உள்ளதைப் போன்ற மீக்கடத்திச் செயலிகளைத் தனிச்சுழி வெப்பநிலையான கழித்தல் 273.15 பாகை செல்சியசுக்கு மேலே, ஒரு பாகையின் நூற்றில் சில பங்கு அளவிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு ஹீலியத்தால் இயங்கும் சிறப்புக் குளிர்விப்பான் தேவை. ஒவ்வொரு கியூபிட்டையும் நுண்ணலைத் துடிப்புகளால் இயக்கி அளக்கும் மின்னணுக் கருவிகள் தேவை. இவற்றைப் பேணிக் காக்கும் ஆய்வாளர்கள் தேவை. எனவே ஒரு நகரத்துக்கு ஓர் இயந்திரம் கிடைப்பதே பெரிது. வாங்க முடியாததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தாராவியிலிருந்து ஒரு கணக்கு

பகிர்வு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சிறு வீடு ஒன்றில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மாணவியிடம் இருப்பது பழைய மடிக்கணினி ஒன்றும், கைப்பேசி வழியே கிடைக்கும் இணைய இணைப்பும்.

2016 மே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் 5 கியூபிட் கொண்ட செயலி ஒன்றை இணையத்தின் வழியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. இப்போது அந்நிறுவனத்தின் கட்டணமில்லாத் திட்டத்தில் சேர்பவர்கள் 28 நாள்களுக்கு 10 நிமிடம்வரை 100 கியூபிட்டுகளுக்கு மேற்பட்ட இயந்திரங்களை இயக்கிப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதுமா என்னும் ஐயம் எழலாம். கணக்கை ஒருமுறை ஓட்ட, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. ஆயிரம் முறை ஓட்டினாலும் சில விநாடிகளே செலவாகும். கற்பவருக்கு அது தாராளம்.

மாணவி இரண்டு கியூபிட்டுகளைப் பிணைக்கும் மிக எளிய நிரல் ஒன்றை எழுதி அனுப்புகிறார். அது வரிசையில் சேர்கிறது. முறை வந்ததும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஆயிரம் முறை ஓடுகிறது. விடை வருகிறது: ஏறத்தாழப் பாதி முறை 00, ஏறத்தாழப் பாதி முறை 11. ஒவ்வொரு கியூபிட்டும் தனியாக எதைக் காட்டும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றுபோலவே காட்டுகின்றன. இடையிடையே சில 01, 10 என்ற விடைகளும் தலைகாட்டும். அவை இயந்திரத்தின் பிழைகள். இயற்பியல் நூலின் ஒரு பக்கம் முழுவதும் சொல்லும் செய்தியை அந்த மாணவி தம் கண்ணாலேயே கண்டுவிட்டார்.

இயந்திரத்தின் வரிசையில் சேருமுன் பழகிக்கொள்ளவும் இடம் உண்டு. சிறிய குவாண்டம் கணக்குகளைச் சாதாரணக் கணினியிலேயே நடத்திக்காட்டும் சிமுலேட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆதரவுடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ரூர்க்கி ஐ.ஐ.டி., சி-டாக் ஆகியவை உருவாக்கிய ‘கியூசிம்’ 2021 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் ஐ.பி.எம். குவாண்டம் வலையமைப்பில் இணைந்து, அதன் இயந்திரங்களை ஆய்வுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பெற்றது.

மொழியும் ஒரு வாயில்தான். குவாண்டம் நிரலாக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் ‘கிஸ்கிட்’ மென்பொருளின் பாடநூல் தமிழிலும், வங்காளத்திலும், இந்தியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. பள்ளிக் கல்வியைத் தமிழில் முடித்தவர்கள், மும்பையில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் உட்பட, இத்துறையின் அடிப்படைகளைத் தாய்மொழியில் தொடங்க அது துணை செய்யும். இயந்திரம் இலவசமாகக் கிடைத்தாலும், அதனிடம் என்ன கேட்பது என்று தெரியாதவருக்கு அது மூடிய கதவே. பகிர்வில் செலவழிக்க வேண்டிய பணத்தில் பெரும்பங்கு ஆசிரியர்களுக்கும் பாடநூல்களுக்கும் போய்ச் சேர வேண்டியிருப்பது இதனால்தான்.

செம்பூரின் உரமும் மாட்டுங்காவின் வேதியியலும்

இவ்வளவு முயற்சியும் எதற்காக? மும்பைத் தமிழர்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு செம்பூரில் இருக்கிறது. அங்கே டிராம்பேயை ஒட்டி ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் உர ஆலை இயங்கிவருகிறது. யூரியா உரத்துக்கு அடிப்படை அம்மோனியா. காற்றில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற உலகெங்கும் கையாளப்படும் முறைக்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். உலகம் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் இரண்டு பங்குவரை இதற்கே போய்விடுவதாக மதிப்பிடுகிறார்கள்.

அதே வேலையை உளுந்து, துவரைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் சாதாரண மண்ணின் வெப்பத்திலேயே செய்துவிடுகின்றன. இரும்பும் மாலிப்டினமும் கலந்த சிறு மூலக்கூறு மையம் ஒன்று அந்த வித்தையைப் புரிகிறது. அதன் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் முறையைத் துல்லியமாகக் கணக்கிட இன்றைய பெருங்கணினிகளால் இயலவில்லை. மேலே கண்ட இருமடங்குப் பெருக்கம் குறுக்கே நிற்கிறது. குவாண்டம் கணினிக்கு இயல்பாகப் பொருந்தும் கணக்குகளில் இது முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. இப்போதுள்ள இயந்திரங்களுக்கு அது எட்டாத உயரம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிழை திருத்தும் ஆற்றலும், இன்றிருப்பதைவிடப் பன்மடங்கு கியூபிட்டுகளும் வந்த பின்னரே அது கைகூடும்.

மாட்டுங்காவில் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அருகிலேயே வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி. நிறப்பொருள், மருந்து, வினையூக்கி, மின்கலம் என்று மூலக்கூறுகளோடு உழலும் துறைகள் அனைத்துக்கும் இந்தக் கணிப்பு முறைகள் ஒருநாள் தேவைப்படும். அந்த நாளில் கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்க வேண்டுமானால், கருவி சிறியதாக இருக்கும் இன்றைக்கே அவர்கள் பழகத் தொடங்க வேண்டும். டிஃப்ராக்கின் 2,048 சொற்களில் பழகியவர்கள்தான் பின்னால் வந்த பெருங்கணினிக்குத் தயாராக இருந்தார்கள்.

ஒன்றா, பலவா?

பகிர்வு என்று சொல்லும்போது அதில் இரு வகை உண்டு. ஒரே இயந்திரத்தைப் பலர் வரிசையில் நின்று பயன்படுத்துவது முதல் வகை. இதுவரை நாம் கண்டது அதுவே. அதில் ஒரு குறை இருக்கிறது. இயந்திரத்தின் உரிமையாளர் வகுப்பதே விதி. இன்று கட்டணமில்லாமல் கிடைப்பதற்கு நாளை கட்டணம் வரலாம். அந்நிய நாட்டின் சட்டம் மாறினால் வாயிலே அடைபடலாம். ஒரு கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் ஊரின் நிலை அது.

பல இடங்களில் பல சிறு இயந்திரங்களை நிறுவி, அவற்றை வலையாகப் பின்னுவது இரண்டாம் வகை. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதில் ஓர் ஒப்புமை காட்டலாம். முன்பு ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. மாட்டுங்காக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் செம்பூர்க் கிளையில் பணம் எடுக்க இயலாது. கோர் பேங்கிங் வந்தபின் கிளைகள் அனைத்தும் ஒரே வங்கியாயின. ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. பேரேட்டுப் பதிவை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் படியெடுத்து அனுப்பலாம். குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை; இது 1982இல் நிறுவப்பட்ட உண்மை. எனவே தொலைவில் உள்ள இரு செயலிகளை இணைக்க, ஒளித்துகள்களின் வழியே அவற்றின் கியூபிட்டுகளைப் பிணைத்து, அப்பிணைப்பையே பாலமாகப் பயன்படுத்த வேண்டும்.

இது நடக்கக்கூடியதே என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளியில் இருந்த இரு சிறு செயலிகளை ஒளியிழையால் இணைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே கணக்கைச் செய்யும்படி இயக்கினார்கள். தேடல் கணக்கு ஒன்றில் 71 சதவீதம் சரியான விடை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு மீட்டருக்கும் இரண்டு நகரங்களுக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது. வழி மட்டும் தெளிவாகிவிட்டது.

நம் நாட்டின் திட்டமும் பரவலாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 வரையிலான கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்குவதும், 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் பாதுகாப்பான குவாண்டம் தகவல் தொடர்பை ஏற்படுத்துவதும் அதன் இலக்குகளில் அடங்கும். கணிப்புக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்கு சி-டாட் நிறுவனத்துடன் இணைந்து சென்னை ஐ.ஐ.டி., உணர்கருவிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. என்று நான்கு மையங்கள் 2024இல் அறிவிக்கப்பட்டன. இவற்றின்கீழ் 14 குழுக்கள் 17 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் பரவியிருக்கின்றன. அறிவு ஒரே ஊரில் தேங்கிவிடாமல் இருக்க இந்த அமைப்பு உதவும். அந்த மையங்களின் இயந்திரங்களில் சிறு கல்லூரிகளுக்கும் நேரம் ஒதுக்கப்படுமானால், 1964இல் கொலாபா செய்த பணி நாடளாவியதாகும்.

பாதுகாப்புப் பெட்டகத்தின் இரு சாவிகள்

பொது இயந்திரத்தில் நம் கணக்கை ஓட்டினால், அதை நடத்துபவர் நம் இரகசியத்தை அறிந்துகொள்ள மாட்டாரா? புதிய மருந்தின் மூலக்கூறை ஆராயும் மாட்டுங்கா ஆய்வாளருக்கு இது வீண் அச்சம் ஆகாது.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டக வசதியை எண்ணிப் பாருங்கள். இரும்புக் கதவும், வலுவான சுவரும், காவலும் கொண்ட அறையை ஒவ்வொரு குடும்பமும் கட்டிக்கொள்ள முடியாது. ஆகவே ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். வங்கி ஊழியர் தம் சாவியைத் திருப்பியபின், நாம் நம் சாவியைத் திருப்பினால்தான் பெட்டகம் திறக்கும். உள்ளே இருப்பது நகையா, பத்திரமா என்பது வங்கிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

கணிப்புக்கும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ‘மறைவான குவாண்டம் கணிப்பு’ என்று அதைச் சொல்லலாம். பயன்படுத்துபவர் தமக்கு மட்டுமே தெரிந்த முறையில் அமைத்த ஒளித்துகள்களை இயந்திரத்துக்கு அனுப்புகிறார். இயந்திரம் சொன்னபடி வேலையைச் செய்கிறது. ஆனால் தரவு என்ன, கணக்கு என்ன, விடை என்ன என்பவை அதன் உரிமையாளருக்குப் புலப்படா. இதன் முழுமையான வடிவத்தை 2009இல் மூன்று ஆய்வாளர்கள் வகுத்தளித்தனர். 2012இல் வியன்னாவில் அது சோதனையாக நிகழ்த்தப்பட்டது. அன்றாடப் பயனுக்கு வர, பயன்படுத்துபவர் பக்கம் ஒரு சிறு கருவியும் ஒளியிழை இணைப்பும் தேவை. அது இன்னும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது. இருப்பினும், பகிர்ந்தால் இரகசியம் போய்விடும் என்று அஞ்சி எல்லாரும் தனித்தனியே இயந்திரம் வாங்க வேண்டியதில்லை என்பது கோட்பாட்டளவில் உறுதியாகிவிட்டது.

நம் கணக்கும் நம் பணமும்

இக்கட்டுரையை வாசிக்கும் வாடிக்கையாளர் மனத்தில் வேறொரு கேள்வியும் எழுந்திருக்கும். குவாண்டம் கணினி வங்கிக் கணக்கின் பூட்டை உடைத்துவிடும் என்கிறார்களே, அது மெய்யா?

இணையவழிப் பரிமாற்றங்களைக் காக்கும் குறியாக்க முறைகளில் ஆர்.எஸ்.ஏ. என்பது புகழ்பெற்றது. மிகப் பெரிய எண் ஒன்றை அதன் பகா எண்களாகப் பிரிப்பது சாதாரணக் கணினிக்கு அரிது என்பதே அதன் வலிமை. போதிய ஆற்றல் கொண்ட குவாண்டம் கணினி அதை விரைவில் பிரித்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் நிறுவினார். ஆயினும் அதற்குத் தேவையான அளவில், பிழை திருத்தும் வசதியுடன் கூடிய இயந்திரம் எதுவும் இப்போது இல்லை. கொலாபாவின் 6 கியூபிட்டுகளாலோ, வெளிநாட்டின் நூற்றுக்கணக்கான கியூபிட்டுகளாலோ உங்கள் கணக்குக்கு ஆபத்து இல்லை.

இன்று திருடிச் சேமித்து வைக்கும் தகவலைப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்கலாம் என்பதால், மாற்று ஏற்பாடுகள் முன்கூட்டியே தொடங்கிவிட்டன. குவாண்டம் கணினியாலும் உடைக்க அரிதான புதிய குறியாக்க முறைகள் மூன்றினை அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்டது. உலகெங்கும் மென்பொருள்களும் நிதி நிறுவனங்களும் படிப்படியாக இவற்றுக்கு மாறும்.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை எளியவை.

வங்கிச் செயலியையும் கைப்பேசியின் இயங்குதளத்தையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதிய குறியாக்க முறைகள் அந்தப் புதுப்பிப்புகளின் வழியேதான் உங்களை வந்தடையும்.

‘குவாண்டம் பாதுகாப்புக்கு மாற வேண்டும்’ என்று கூறி எவரேனும் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ கேட்டால் சொல்லாதீர்கள். அந்த மாற்றத்துக்கு வாடிக்கையாளரின் இரகசிய எண் தேவைப்படாது.

குவாண்டம் கணினி பங்குச் சந்தையை முன்கூட்டியே கணித்துவிடும் என்று சொல்லி உறுதியான இலாபம் காட்டும் முதலீட்டுத் திட்டங்களை நம்பாதீர்கள். அப்படிக் கணிக்கவல்ல இயந்திரம் உலகில் எங்கும் இல்லை.

வரிசையில் ஓர் இடம்

பகிர்ந்து வாழ்வதைத் தாராவிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கும்பார்வாடாவில் குயவர் குடும்பங்கள் சூளையைப் பகிர்ந்துகொள்கின்றன. தமிழ்ப் பெண்கள் சீட்டுச் சேர்ந்து, ஒருவரால் இயலாத தொகையைப் பலராகத் திரட்டி, முறை வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். சூளைக்கும் சீட்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: முறை நேர்மையாக வர வேண்டும். யாருக்கு எப்போது என்பது வெளிப்படையாக இருக்கும்வரை வரிசை கலையாது.

குவாண்டம் கணினிக்கும் அதுவே பொருந்தும். வரிசை திறந்திருக்கிறதா, அதில் சேரும் வழி தெரிந்திருக்கிறதா, பணம் படைத்தவருக்காகப் பிறர் பின்னுக்குத் தள்ளப்படாமல் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது சமுதாயத்தின் கடமை. உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரியிலோ பயிலும் பிள்ளைகள் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு கட்டணமில்லாக் கணக்கைத் தொடங்கி, இரண்டு கியூபிட்டுகளைப் பிணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டுவன ஒரு கணினியும், பள்ளியில் படித்த அணிக் கணக்கும், சில நாள் பொறுமையும். துளையிட்ட அட்டைக் கட்டுடன் கொலாபாவில் காத்திருந்த தலைமுறைக்குக் கிடைத்ததைவிட, தாராவியின் ஒரு சிறு வீட்டிலிருந்து காத்திருக்கும் மாணவிக்கு விடை மிக விரைவாகவே வந்து சேரும்.